நிறுத்தத் தெரிந்த விரல்: குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு

மெல்லிசைக் குழுவில் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கைவைக்கப்படும் இடம் பேஸ் கிட்டார். கீபோர்டுக்காரரின் இடதுகை இருக்கிறது, ரிதம் பேடில் பதிந்து வைத்த பேஸ் இருக்கிறது, தனியாக ஓர் ஆள் எதற்கு என்று குழு நடத்துபவர் கணக்குப் போடுகிறார். வரவேற்புக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த இடம் காலியாக இருப்பதைக் கவனிக்கவும் மாட்டார்கள். மேடையில் இருப்பவர்களுக்குத்தான் அது உறைக்கும். டிரம்ஸ்காரர் தேவைக்கு மேல் பலமாக அடிப்பார். பாடகர் சரணத்தின் நடுவில் வேகமெடுப்பார். ஸ்டிரிங்ஸ் வாசிக்க வேண்டிய இடத்தில் கீபோர்டுக்காரருக்கு ஒரு கை போதாது.

கல்லூரி பேண்டில் வாசிப்பவர், ஞாயிறு ஆராதனையில் வாசிப்பவர், வாரநாளில் அலுவலகமும் வாரக்கடைசியில் கச்சேரியுமாக இருப்பவர் ஆகியோருக்கான அத்தியாயம் இது. ஆளைக் குறைக்கும்போதும் 'இவரை மட்டும் விட முடியாது' என்று குழு நினைக்கும் பேஸ் வாசிப்பு எங்கே இருக்கிறது? பலரும் தேடுவதுபோல விரல் வேகத்தில் இல்லை. ஒரு ஸ்வரத்தை எப்போது தொடங்குவது, அதைவிட முக்கியமாக எப்போது நிறுத்துவது என்பதில் இருக்கிறது.

இந்த வாத்தியத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்களைவிட, வேறு ஆள் இல்லாததால் வந்தவர்களே அதிகம். குழுவில் மூன்று கிட்டார்காரர்கள் இருந்தால் ஒருவர் பேஸுக்கு மாற வேண்டிவரும். பீட்டில்ஸ் குழுவிலும் அதுதான் நடந்தது. 1961இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியபோது, அதுவரை கிட்டாரும் பியானோவும் வாசித்த பால் மெக்கார்ட்னி பேஸை ஏற்றார். ஹாம்பர்க் நகரில் அவர் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் வயலின்போல இருபுறமும் ஒரே வடிவில் இருந்ததால், இடதுகைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியவில்லை. ஜாஸ் கிட்டார் கலைஞரான கரோல் கே 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பதிவுக்குப் போனபோது பேஸ் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. கிட்டாரை வைத்துவிட்டு பேஸை எடுத்தவர், பிறகு அந்த நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக அதிகமாகத் தேடப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். ஆகவே கட்டாயத்தால் பேஸுக்கு வந்தவர் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. கிட்டார் பழக்கத்தை அப்படியே எடுத்து வராமல் இருந்தால் போதும்.

லியோ ஃபெண்டர் 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' தீர்த்த பிரச்சினை இரண்டு. அதுவரை நடனக் குழுக்களில் நின்றபடி வாசிக்கப்பட்ட டபுள் பேஸ் ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது, வண்டியில் ஏற்றுவதே பாடு. டிரம்ஸுக்கும் கிட்டார் ஆம்ப்புக்கும் நடுவில் அதன் சத்தம் எடுபடவும் இல்லை. ஃபெண்டர் தந்தியின் நீளத்தை 34 அங்குலமாக வைத்து, ஃப்ரெட் அடித்து, மின்சாரத்தில் இணைத்தார். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு அதே 34 அங்குலம்தான். நான்கு தந்திகளும் தடிமனிலிருந்து மெலிவுவரை ஈ, ஏ, டி, ஜி. அதிர்வெண் சுமார் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, மேடையில் வரும் பாதித் தொல்லைக்கு இவைதான் காரணம்.

பயிற்சியை வலதுகைக் கட்டைவிரலிலிருந்து தொடங்குவோம். கிட்டாரிலிருந்து வருபவர் அதை பிக்கப்பின் மேல் ஊன்றிவிட்டு ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மீட்டுவார். ஈ தந்தியில் வாசிக்கும்வரை அதில் கெடுதல் இல்லை. டி தந்திக்கோ ஜி தந்திக்கோ போகும்போது ஈ தந்தியும் ஏ தந்தியும் கேட்பாரற்றுக் கிடக்கும். மேடை அதிர்வில் அவை தாமாகவே முனகத் தொடங்கும். வீட்டில் சின்ன ஆம்ப்பில் இது காதில் விழாது. மண்டபத்தில் ஆளுயர ஸ்பீக்கரில் பாட்டு முழுக்கக் களிம்பு பூசியதுபோல ஆகிவிடும். இதற்கு வழி, கட்டைவிரலை ஊன்றாமல் விரலோடு கூடவே நகர்த்துவது. ஏ தந்தியை மீட்டும்போது கட்டைவிரல் ஈ தந்தியின் மேல் படுத்திருக்கும். டி தந்திக்குப் போனால் அது ஏ தந்திக்கு நகர்ந்து, ஈ தந்தியையும் பக்கவாட்டில் தொட்டுக்கொள்ளும். ஜி தந்திக்கு வந்தால் டி தந்தி வரை வரும். சில வாரங்கள் எரிச்சலாக இருக்கும், கை பழகியபின் யோசிக்கவே வேண்டியிருக்காது.

மேலே உள்ள தந்திகளை வலதுகை அடக்க, ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரத்தை முடிப்பது இடதுகை. ஃப்ரெட்டில் அழுத்திய விரலை முழுவதும் எடுக்கக் கூடாது. எடுத்தால் திறந்த தந்தி ஒலித்துவிடும். அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, விரல் தந்தியைத் தொட்டபடியே இருக்க வேண்டும். மெட்ரோனோமை 60இல் வைத்தால் ஒரு தட்டுக்கு ஒரு விநாடி. ஒரே ஸ்வரத்தை நான்கு தட்டுக்கு வாசிக்கும்போது ஒவ்வொன்றும் அடுத்த தட்டுவரை முழுதாக ஒலிக்க வேண்டும். அடுத்த சுற்றில் பாதித் தட்டில் முடிய வேண்டும், அதற்கடுத்ததில் கால் தட்டில். மூன்றும் மூன்று வெவ்வேறு பாட்டுபோலக் கேட்கும். ஸ்வரமும் வேகமும் மாறவில்லை, மாறியது நீளம் மட்டும். இது சுலபமானபின் மெட்ரோனோமை 30இல் வைத்து, அந்தத் தட்டு இரண்டாவது, நான்காவது அடிகளில் மட்டும் விழுவதாக எண்ணிக்கொண்டு வாசிக்கலாம். ஒன்றாம் அடியைக் காட்டிக்கொடுக்க அப்போது யாரும் இல்லை. அதைத் தானே வைத்திருக்கக் கற்றவர்தான் பேஸ் வாசிப்பவர்.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துக்காக 1960களில் எண்ணற்ற பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலதுகையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். அவருடைய ஃபெண்டரில் இழைத்த தட்டைத் தந்திகள். பிரிட்ஜ் மூடியின் உள்ளே தந்தியை அடக்கும் நுரைத்துண்டு. கரோல் கே பிக் வைத்து வாசித்தாலும் பிரிட்ஜ் பக்கத்தில் தந்திகளின்மேல் கம்பளித்துணித் துண்டை ஒட்டிக்கொள்வார். இருவருமே ஒலியைக் கூட்டுவதற்கல்ல, சீக்கிரம் அடக்குவதற்கே வழி தேடியிருக்கிறார்கள். மோடவுன் தட்டுகளில் ஜேமர்சனின் பெயர் பல ஆண்டுகள் அச்சாகவில்லை என்பது வருத்தத்துக்குரிய செய்தி. 1971இல் மார்வின் கே-யின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அது முறையாக வந்தது.

கட்டைவிரலால் அடித்து, விரலால் சுண்டும் 'ஸ்லாப்' முறையை இளைஞர்கள் முதலில் கேட்கிறார்கள். அதைத் தொடங்கிய லாரி கிரஹாம் தன் அம்மாவோடு டிரம்ஸ் இல்லாமல் வாசித்தவர். கிக், ஸ்நேர் இரண்டின் வேலையையும் தந்தியிலேயே செய்ய வேண்டியிருந்ததால் பிறந்த முறை அது. டிரம்ஸ்காரர் பக்கத்தில் இருக்கும் குழுவில் அது பாட்டுக்கு ஒன்றோ இரண்டோ இடத்தில் போதும்.

டிரம்ஸ்காரரோடு சேர்ந்து வாசிப்பது என்றால் கிக் விழும் இடமெல்லாம் ஒரு ஸ்வரம் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்துக்கு அது சரிதான். அடுத்த கட்டம் ஸ்நேரைக் கவனிப்பது. ஸ்நேர் விழும் கணத்தில் பேஸ் அடங்கினால் அந்த அடி சுத்தமாக வெடிக்கும். பேஸ் நீண்டால் தடவிக்கொண்டு போகும். எந்தப் பாட்டுக்கு எது வேண்டும் என்பதை ரிகர்சலிலேயே இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். ஹை-ஹாட் பக்கம் நின்றால் டிரம்ஸ்காரரின் வலது கால் கண்ணுக்குத் தெரியும். மேடையில் ஒன்றும் காதில் விழாத நாட்களில் அந்தக் காலைப் பார்த்தே வாசிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்த் திரைப்பாட்டு வாசிக்கும் குழுவில் இன்னொரு கணக்கும் உண்டு. பழைய பாடல்களில் பேஸுக்கு ஜோடி கிக் அல்ல, தபேலாவின் டக்கா. அதன் கும்காரம் ஒரே இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். அதே நேரத்தில் பேஸும் நீட்டி ஒலித்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். டக்கா நீளும் இடத்தில் பேஸ் குட்டையாக, டக்கா ஓய்ந்த இடத்தில் பேஸ் நீளமாக என்று பங்கிட்டுக்கொண்டால் இரண்டும் கேட்கும். தெம்மாங்கும் குத்தும் பெரும்பாலும் திஸ்ர நடையில் போவதால், ஆறு எண்ணிக்கையில் ஒன்றிலும் நான்கிலும் மட்டும் வாசித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும் பொறுமையும் வேண்டும்.

இளையராஜாவின் பாடல்கள் என்றால் கதையே வேறு. அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதை மேற்கத்திய நோட்டேஷனில் எழுதிக் கொடுப்பவர். அதனால் பேஸ் பல பாடல்களில் கோர்டின் அடி ஸ்வரத்தோடு நிற்காமல் தனி மெட்டாகவே நடக்கிறது. 'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) படப் பாடல்களை ஹெட்போனில் பேஸை மட்டும் தொடர்ந்து கேட்டால் இது விளங்கும். அவர் குழுவில் வாசித்த சசிதரனையும், பிறகு ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் ஒலித்த கீத் பீட்டர்ஸையும், ரஹ்மானின் மேடைகளில் வாசித்த மோகினி டேயையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு நாற்பது ஆண்டுக்காலப் பாடம் கிடைக்கிறது.

காதால் எடுக்கும்போது முதல் தடை கைபேசி ஸ்பீக்கர். ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸை அந்தச் சின்னப் பெட்டியால் தரவே முடியாது. மேலே எழும் ஹார்மோனிக்ஸை வைத்துக் காது ஊகித்துக்கொள்கிறது. ஹெட்போன் கட்டாயம். அப்போதும் பிடிபடாத இடத்தைச் செயலியில் வேகம் குறைத்து, ஓர் ஆக்டேவ் மேலே தூக்கிக் கேட்டால் ஸ்வரங்கள் தெளிவாகப் பிரியும். எடுத்தபின் கீழே கொண்டுவந்து வாசிக்கலாம். கைக்கு எட்டாத வரிசை என்றால் குறைத்து வாசிப்பதில் தவறில்லை. ஆனால் கோர்டு மாறும் இடத்து ஸ்வரம், பாடகர் மூச்சு விடும் இடத்தில் வரும் ஓட்டம் இரண்டையும் விடக் கூடாது. ரசிகர் வீட்டில் முணுமுணுப்பது அந்த ஓட்டத்தைத்தான்.

இனி கட்டை. மேற்கத்திய முறையில் மட்டும் பயின்றவர்கள் குழுவில் சேர்ந்த முதல் நாளே திகைப்பது இதில்தான். ஒரு கட்டை என்றால் சி. இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை ஆகியவை ஹார்மோனியத்தின் கறுப்புக் கட்டைகள். மூன்றரையும் ஏழரையும் கிடையாது, ஏனென்றால் அங்கே கறுப்புக் கட்டை இல்லை. பேஸில் ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் மூன்று கட்டை. அதே தந்தியில் முதல் ஃப்ரெட் நான்கு, மூன்றாவது ஐந்து, நான்காவது ஐந்தரை, ஐந்தாவது ஆறு, ஏழாவது ஏழு. ஏ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட் ஒன்று, ஐந்தாவது இரண்டு, ஆறாவது இரண்டரை. இது கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு மனப்பாடமாக வேண்டும். மேடையில் யோசிக்க நேரம் தரமாட்டார்கள்.

தொண்டை கட்டிய பாடகர் மைக்கை மறைத்துக்கொண்டு திரும்பி, "அண்ணே, அரைக்கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு "ம்" என்பார். பேஸில் அந்தப் பட்டன் இல்லை. மூன்று கட்டையில், திறந்த ஈ தந்தியை நம்பிப் பழகிய பாட்டு இப்போது இரண்டரைக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே தந்தியே இல்லை. எனவே பயிற்சியின்போதே எந்தப் பாட்டையும் திறந்த தந்தி இல்லாமல் வாசிக்கப் பழக வேண்டும். அப்படிப் பழகிய கை ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் போதும். கீழே ஒரு பி தந்தி சேர்ந்த ஐந்து தந்தி பேஸைக் குழுக்காரர்கள் விரும்புவதற்கு முக்கியக் காரணமும் இதுதான். அதில் பி தந்தியின் நான்காவது ஃப்ரெட்டிலேயே இரண்டரைக் கட்டை கனமாகக் கிடைக்கிறது. ஆனால் முதல் வாத்தியமே ஐந்து தந்தியாக வாங்குவதில் ஒரு சிரமம் உண்டு: அடக்க வேண்டிய தந்தி ஒன்று கூடிவிடுகிறது.

வாங்கும்போது பிராண்டைவிடக் கழுத்தைப் பார்க்க வேண்டும். நான்கு தந்தியையும் எல்லா ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டி, எங்காவது கரகரக்கிறதா, செத்துப்போன ஒலி வருகிறதா என்று கேட்க வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் டியூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். பட்டையை மாட்டி பத்து நிமிடமாவது நின்று பார்ப்பது அவசியம். நான்கு கிலோவுக்கு மேல் போனால் மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள் சொல்லிவிடும். தந்தி உயரம் 12-ஆம் ஃப்ரெட்டில் ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவரும். கழுத்து வளைந்தால் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பக் கூடாது. கடற்கரை ஊர்களில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் துடைப்பது நல்லது. ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிள் செருகியே இருந்தால் அது தீர்ந்துகொண்டே இருக்கும், பாட்டு நடுவில் ஒலி நசுங்கி நின்றுபோகும்.

மண்டபத்துக்கு வருவோம். 41 ஹெர்ட்ஸ் ஒலி அலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். கீழ்ஸ்தாயி ஒலி மேடையில் ஒரு மாதிரியும் பத்தாவது வரிசையில் வேறு மாதிரியும் கேட்பது அதனால்தான். வாசிப்பவர் தனக்குக் கேட்கவில்லை என்று பேஸ் குமிழைக் கூட்டுவார். சுவர் ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த ஒலி திரண்டு, உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சை அடைக்கும். குமிழைக் கூட்டுவதற்குப் பதிலாக ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்கி, நாற்காலி உயரத்தில் காதை நோக்கிச் சாய்த்து வைத்தால் பாதித் தொல்லை தீரும். நடு அலைவரிசையை, அதாவது 400 முதல் 800 ஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றே ஏற்றினால் எந்த ஸ்வரம் என்று எல்லோருக்கும் புரியும். தனியாகக் கேட்டால் அந்த ஒலி கொஞ்சம் முரடாக இருக்கும். குழுவோடு சேரும்போதுதான் அதன் அழகு தெரியும்.

பெரிய இடங்களில் ஆம்ப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டி.ஐ. பாக்ஸ் வழியாகத்தான் மிக்ஸருக்குப் போக வேண்டும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒன்று இருக்கும் என்று நம்பாமல் சொந்தமாக வைத்திருப்பது மேல். ஆக்டிவ் டி.ஐ.க்கு பேட்டரியோ மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட்டோ வேண்டும். பாஸிவ் வகைக்கு எதுவும் வேண்டாம். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டிப் பார்க்கலாம். பிளக்கின் எர்த் முனையை உடைப்பதோ, எர்த் இல்லாத அடாப்டரில் செருகுவதோ ஒருபோதும் கூடாது. ஜெனரேட்டரில் ஓடும் திறந்தவெளி மேடையில் ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது அது உயிருக்கே ஆபத்து. கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் செருகுவதும் வேண்டாம், அதன் ஸ்பீக்கர் கூம்பு கீழ்ஸ்தாயி ஒலியின் பெரிய அசைவுக்காகச் செய்யப்பட்டதல்ல, கிழியலாம்.

காதையும் காக்க வேண்டும். அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த அளவின்படி 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சிம்பலுக்குப் பக்கத்திலேயே நிற்பவருக்கு அது ஒரு பாட்டுக்குள்ளேயே பெருமளவு கரைந்துவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் எல்லா அலைவரிசையையும் ஏறத்தாழ சமமாகக் குறைப்பதால் சுருதி கெடாது.

அரைத்தொழிலாக வாசிப்பவருக்குப் பணப்பேச்சு கூச்சமாக இருக்கும். ஆனாலும் தொகை, முன்பணம், போக்குவரத்து, ரிகர்சல் எத்தனை, சாப்பாடு எப்போது, கச்சேரி நீண்டால் என்ன கணக்கு ஆகியவற்றைத் தேதி ஒப்புக்கொள்ளும்போதே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே மாலைக்கு இரண்டு அழைப்பு வந்தால் முதலில் ஒப்புக்கொண்டதே முதல் கடமை, இரண்டாவதில் இரண்டு மடங்கு கிடைத்தாலும். குழு நடத்துபவர்கள் இதை மறப்பதில்லை.

வர முடியாமல் போகும் நாளும் வரும், காய்ச்சலோ அலுவலகத்தில் ஆடிட்டோ. அன்று உதவுவது பாட்டுக் குறிப்பேடுதான். ஒரு பாட்டுக்கு அரைப்பக்கம் போதும். மேலே பாடகர் பெயரும் கட்டையும், பக்கத்தில் நடையும் வேகமும். முதல் பி.ஜி.எம். எத்தனை பார், பேஸ் எந்த பாரில் நுழைகிறது, பல்லவி ஒருமுறையா இருமுறையா, இரண்டாவது சரணத்துக்கு முன் எங்கே எல்லோரும் நிறுத்துகிறார்கள், முடிவு தட்டி நிற்பதா மெல்ல மங்குவதா. கோர்டுகளைப் பென்சிலில் எழுத வேண்டும், அடுத்த கச்சேரியில் கட்டை மாறும். ஆண் பாடினால் ஒரு கட்டை, பெண் பாடினால் இன்னொன்று என்றால் இரண்டையும் எழுதி வைக்கலாம். பதிலுக்குப் போகிறவரிடம் முந்தின நாளே ஏட்டைப் படமெடுத்து அனுப்பி, குழுவுக்கே உரிய மாற்றங்களை, உதாரணமாக ஒலித்தட்டில் இல்லாத கைதட்டல் இடைவெளியை, சிவப்பில் வட்டமிட்டுக் காட்டிவிட்டால் அவர் மேடையேறிய முதல் பாட்டிலேயே டிரம்ஸ்காரர் நிம்மதியாகத் திரும்பிப் பார்ப்பார்.